டி அண்ட் டி சலிச்சுப்போயி பிளேட்ஸ் இன் த டார்க் பக்கம் போன கதை, கூடவே ரிவ்யூவும்

மொதல்லயே சொல்லிடறேன், டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ திட்டறதுக்காக இத எழுதல. மூணு வருஷமா சனிக்கிழமை தவறாம எங்க வீட்டு ஹால்ல பாய் விரிச்சு உக்காந்து ஆடின கேம் அது, அதுக்காகவே ஒரு சித்தி பொண்ணு கல்யாண ரிசப்ஷனுக்கு லேட்டா போயி திட்டு வாங்கிருக்கேன். ஆனா ஒரு கட்டத்துல சலிச்சுப்போச்சு. ஏன் சலிச்சுதுன்னு கண்டுபிடிக்கவே எங்களுக்கு ஆறு மாசம் ஆச்சு, அது தெரியாம நடுவுல கண்டத வாங்கி காசு விட்டோம், அதனால தான் இவ்ளோ நீளமா எழுதறேன்.

தெரியாதவங்களுக்கு ரெண்டு வரி. டேபிள்டாப் ரோல்பிளேயிங்னா நாலஞ்சு பேரு சுத்தி உக்காந்து ஆளுக்கொரு கேரக்டர் எடுத்துக்குவோம், ஒருத்தர் மட்டும் கதைய நடத்துவாரு (அவரு தான் டிஎம், மத்த கேம்ல ஜிஎம்னு சொல்லுவாங்க), நாம "நான் இத பண்றேன்"னு சொல்லுவோம், அது நடக்குதா இல்லையாங்கறத டைஸ் சொல்லும். 1974ல கேரி கைகேக்ஸும் டேவ் ஆர்னெசனும் டி அண்ட் டிய வெளியிட்டதுலருந்து தான் இந்த பொழப்பே ஆரம்பம். நாங்க ஆடினது 2014ல வந்த அஞ்சாவது எடிஷன்.

எங்க கோஷ்டி கோயம்புத்தூர்ல அஞ்சு பேரு. நான், என் தங்கச்சி, காலேஜ் மச்சான் ஒருத்தன், அவன் வொய்ஃபு, அப்புறம் எங்க டிஎம், பழைய ஆஃபீஸ்ல எனக்கு சீனியர், எல்லாருக்கும் அவரு அண்ணா தான். பதினோராவது லெவல் வரைக்கும் வந்துட்டோம். ஒரு நாள் ராத்திரி பெரிய சண்டை, நாலு டிரோல், ஒரு மந்திரவாதி, ஆள் ஆளுக்கு டர்ன். தங்கச்சி அவ டர்ன் வர்ற வரைக்கும் ஃபோன்ல ரீல்ஸ் பாத்துட்டு இருந்தா. இருபது நிமிஷம் கழிச்சு அவ டர்ன் வந்துச்சு, ஃபோன கவுத்து வெச்சா, டி20ய, அதாவது இருபது பக்க டைஸ உருட்டினா, 4 விழுந்துச்சு. "மிஸ்"னாரு அண்ணா. அவ "ம்"னு சொல்லிட்டு மறுபடி ஃபோன எடுத்துட்டா. அவ மூஞ்சில ஒரு வருத்தம் கூட இல்ல, அது தான் எனக்கு சுருக்குன்னுச்சு.

வீட்டுக்கு எல்லாரும் கெளம்பினப்புறம் அண்ணா கேட்டாரு, "ஏண்டா, நான் நடத்தறது போரடிக்குதா?" இல்லீங்ணா இல்லீங்ணான்னு சமாளிச்சேன், ஆனா ரெண்டு பேருக்கும் தெரியும்.

அப்ப தான் வேற கேம் தேடலாம்னு ஆரம்பிச்சோம். மொத தப்பு இங்க தான். பாத்ஃபைண்டர் செகண்ட் எடிஷன் எடுத்தோம், பைஸோ கம்பெனி 2019ல விட்டது. நல்ல கேமுங்க, நெசமாவே. ஒரு டர்னுக்கு மூணு ஆக்ஷன், நீ எப்படி வேணா செலவு பண்ணிக்கலாம், டார்கெட்ட விட 10 அதிகமா எடுத்தா கிரிட்டிக்கல் (சாதா ஜெயத்த விட பெரிய ஜெயம்), கேரக்டர் கட்டறதுக்கு அத்தனை வழி, ரூல்ஸ் எல்லாம் ஆர்க்கைவ்ஸ் ஆஃப் நெத்திஸ்னு ஒரு சைட்ல சட்டப்படியே ஃப்ரீயா கெடைக்குது. மச்சானுக்கு சொர்க்கம், ராத்திரி ரெண்டு மணி வரைக்கும் ஃபீட் (கேரக்டருக்கு எடுத்துக்கற தனித்திறமை) பட்டியல் படிச்சிட்டு இருந்தான். ஆனா மூணாவது வாரம் பாத்தா தங்கச்சி கையில மறுபடி ஃபோன். தோசை சலிச்சுப்போச்சுன்னு ஊத்தப்பம் ஆர்டர் பண்ணின மாதிரி ஆயிடுச்சு, மாவு ஒண்ணு தானே.

அன்னைக்கு மாடிப்படில உக்காந்து டீ குடிக்கறப்ப மச்சான் வொய்ஃபு தான் விஷயத்த கரெக்டா புடிச்சாங்க. "அண்ணா, சண்டை நீளமா இருக்கறது கூட எனக்கு பிரச்சனை இல்ல. நான் உருட்டி ஃபெயில் ஆனா ஒண்ணுமே நடக்க மாட்டேங்குது பாருங்க, பூட்டு தொறக்கல, சரி, அடுத்த ஆளு உருட்டு, அவனுக்கும் தொறக்கல, சரி. எதுக்கு உருட்டினோம்?" சட்டுனு லைட் போட்ட மாதிரி இருந்துச்சு. (டி அண்ட் டி ரசிகர்கள் சண்டைக்கு வர்றதுக்கு முன்னாடி, ஆமா, நல்ல டிஎம் ஃபெயிலுக்கும் ஏதாச்சும் ஒண்ணு வெப்பாரு. ஆனா ரூல்ஸ் அவர அத செய்ய சொல்றது இல்ல, ஒவ்வொரு தடவையும் அவரே யோசிக்கணும்.) அதுலருந்து எந்த கேம் எடுத்தாலும் நாங்க கேட்ட ஒரே கேள்வி, டைஸ் உருண்டு நின்னப்புறம் என்ன ஆகுது?

இந்த கேள்விய வெச்சு பாத்தா ஹனி ஹைஸ்ட் ஒரே பக்கத்துல பதில் சொல்லிருச்சு. கிராண்ட் ஹவிட் 2017ல எழுதினது, உண்மையாவே ஒரே ஒரு பக்கம். நீங்க எல்லாரும் கரடி. தேன் கண்காட்சில கொள்ளையடிக்க போறீங்க. ரெண்டே ரெண்டு ஸ்டாட் (கேரக்டரோட திறமைய சொல்ற நம்பர்), ஒண்ணு கரடி, இன்னொண்ணு கிரிமினல், ரெண்டும் 3ல ஆரம்பிக்கும். பிளான் சொதப்பினா ஒரு பாயிண்ட் கிரிமினல்லருந்து கரடிக்கு போகும், பிளான் நல்லா போனா கரடிலருந்து கிரிமினலுக்கு. கரடி 6 ஆச்சுன்னா வெறி புடிச்ச நெஜ கரடியா ஆயிடுவீங்க, கிரிமினல் 6 ஆச்சுன்னா கூட்டாளிங்கள காட்டிக்கொடுத்துட்டு போயிடுவீங்க. அவ்ளோ தான் கேமு. தலைக்கு ஒரு தொப்பி கூட பட்டியல் பாத்து உருட்டி எடுத்துக்கலாம். மச்சான் வெயிட்டர் வேஷத்துல இருந்த பாண்டா, கைல டிரே, யாரோ ஒரு விஐபி "இதுல தேன் கம்மியா இருக்கே"ன்னு கேட்டதுக்கு பதில் சொல்ல உருட்டினான், ஃபெயிலு, கரடி 5 ஆச்சு, டிரேய கடிச்சுட்டான். அன்னைக்கு தங்கச்சி ஃபோன் எங்க இருந்துச்சுன்னே தெரியல, மறுநாள் சோஃபா இடுக்குல கெடந்துச்சு. ஒரு ராத்திரிக்கு இத விட நல்ல கேம் எனக்கு தெரியல, ஆனா வாராவாரம் ஆட முடியாது, மூணாவது தடவை ஜோக்கு தீந்துரும்.

அப்புறம் கால் ஆஃப் கத்துலு. இது திகில் கேமு, பழம்பெருச்சாளி, 1981ல கேயாசியம் விட்டது, சாண்டி பீட்டர்சன் எழுதினாரு. சதவீத டைஸ், ஸ்கில் 45ன்னா 45க்குள்ள உருட்டணும், எட்டாங்கிளாஸ் பையனுக்கு கூட புரியும். இதுல எனக்கு ரொம்ப புடிச்சது புஷ் பண்றது. ஃபெயில் ஆயிட்டா மறுபடி உருட்டலாம், ஆனா வேற என்ன பண்ணி முயற்சி பண்றேன்னு சொல்லணும், அதுலயும் ஃபெயில் ஆனா ஏதோ மோசமா நடந்தே தீரும். பாத்தீங்களா, எங்க கேள்விக்கு பாதி பதில் 81ல பொறந்த கேம்லயே இருக்கு (புஷ் ரூல் ஏழாவது எடிஷன் சரக்கு, அத நான் மறைக்கல). குவிக்ஸ்டார்ட் (புதுசா ஆடறவங்களுக்கான சுருக்கமான ரூல்ஸ்) ஃப்ரீ, கூடவே த ஹாண்டிங்னு ஒரு கதை வருது, 1920கள்ல பாஸ்டன்ல ஒரு பழைய வீடு, வீட்டுக்காரர் வந்து என்னன்னு பாருங்கன்னு காசு குடுக்கறாரு. நாங்க பழைய பேப்பர், கோர்ட் ரெக்கார்டுன்னு தேடியே ஒன்றரை மணி நேரம் ஓட்டினோம், வீட்டுக்குள்ள போனப்ப மணி பத்தரை, வெளிய மழை, கரெக்டா அந்த நேரம் பாத்து கரண்ட் கட்டு. மச்சான் வொய்ஃபு போட்ட சத்தத்துல கீழ் வீட்டு ஆன்ட்டி மேல வந்துட்டாங்க. அருமையான ராத்திரி. ஆனா எல்லாரும் சாகறதுக்கும் பைத்தியம் ஆகறதுக்கும் தயாரா இருக்கணும், அண்ணாக்கு தான் அது ஒத்து வரல, "நான் வளக்கற புள்ளைங்கள நானே கொல்லணுமா"ன்னுட்டாரு.

இப்ப விஷயத்துக்கு வர்றேன். பிளேட்ஸ் இன் த டார்க். ஜான் ஹார்ப்பர் எழுதினது, ஈவில் ஹாட் 2017ல புக்கா போட்டாங்க. டாஸ்க்வோல்னு ஒரு ஊரு, சூரியன் ஒடஞ்சு போச்சு, எப்பவும் இருட்டு, செத்தவங்க ஆவி எல்லாம் சுத்திட்டே இருக்கும், அதனால ஊர சுத்தி மின்னல் வேலி. கடல்ல லெவியாதன்னு ராட்சச பிசாசு மாதிரி ஜந்துங்க, அதோட ரத்தத்த எடுத்து தான் ஊருக்கே கரண்ட். நீங்க ஒரு சின்ன திருட்டு கோஷ்டி. ஹீரோ கீரோ எல்லாம் கெடையாது. கோஷ்டிக்கே தனியா ஒரு கேரக்டர் ஷீட் இருக்கு, அதுவும் லெவல் ஏறும், எனக்கு அது ரொம்ப புதுசா இருந்துச்சு.

டைஸ் எல்லாம் சாதா ஆறு பக்க டைஸ். டி20 தேட வேணாம், வீட்ல பரமபதம், லூடோ டப்பா எதுவோ அதுலருந்து எடுத்துக்கலாம் (தாயக்கட்டை ஒத்து வராது, ட்ரை பண்ணிப் பாத்தாச்சு). உங்க ஆக்ஷன்ல (இந்த கேம்ல திறமைக்கு அது தான் பேரு) எத்தனை புள்ளி இருக்கோ அத்தனை டைஸ் உருட்டணும், அதுல பெருசு எதுவோ அது மட்டும் தான் கணக்கு. 6 வந்தா ஜெயம். 4, 5 வந்தா நெனச்சது நடக்கும் ஆனா கூடவே ஒரு வில்லங்கம். 1லருந்து 3 வரைக்கும் வந்தா நல்லா மாட்டினீங்க. ரெண்டு ஆறு விழுந்தா கிரிட்டிக்கல். உருட்டறதுக்கு முன்னாடியே ஜிஎம் சொல்லிடணும், உன் நெலமை இப்ப கன்ட்ரோல்டா, ரிஸ்கியா, டெஸ்பரேட்டா, அப்புறம் ஜெயிச்சா எவ்ளோ பலன் கெடைக்கும்னு. ஆடிப் பாத்தா தெரியும், எங்க ராத்திரில நெறைய உருட்டு அந்த 4, 5ல தான் வந்து நிக்கும், அதாவது ஒவ்வொரு உருட்டுலயும் கதை ஒரு இன்ச்சாச்சும் நகரும், நகரும்போதே யார் காலயாச்சும் மிதிக்கும். "மிஸ், அடுத்தது யாரு"ங்கற வார்த்தையே இந்த கேம்ல இல்ல.

இன்னொரு பெரிய விஷயம், பிளான் போடற வேலை கெடையாது. டி அண்ட் டில ஒரு கோட்டைக்குள்ள போறதுக்கு நாங்க ரெண்டு மணி நேரம் பிளான் போட்டு, வாசல்லயே சொதப்பி, சண்டை போட்டது தான் எல்லாம். இங்க என்ன மாதிரி வேலைன்னு ஒண்ணு சொல்லணும், திருட்டா, ஏமாத்தா, நேரடி அடிதடியா, இந்த மாதிரி ஆறு வகை. அதுல ஒரே ஒரு விவரம் மட்டும் சொல்லணும், திருட்டுன்னா எந்த வழியா உள்ள போறோம்னு. உடனே ஒரு என்கேஜ்மென்ட் ரோல் (ஆரம்பமே எப்படி அமையுதுன்னு பாக்கற உருட்டு), கட் பண்ணா எல்லாரும் அங்க தான் இருக்கோம். கைல என்ன சாமான் இருக்குன்னு கூட மொதல்ல எழுத வேணாம், லைட்டா நார்மலா ஹெவியான்னு மட்டும் சொன்னா போதும், கயிறு தேவைப்படறப்ப "இதோ கயிறு"ன்னு டிக் போட்டுக்கலாம். அப்ப முன்னாடியே யோசிச்சு வெச்சிருக்க வேண்டியது எல்லாம்? அதுக்கு தான் ஃபிளாஷ்பேக்.

எங்க ரெண்டாவது வேலைய சொல்றேன், அப்ப தான் புரியும். புக்குல ஆரம்பத்துக்குன்னே ஒரு நெலவரம் குடுத்திருக்காங்க, குரோஸ் ஃபுட்னு ஒரு ஏரியா, அங்க ரெண்டு கோஷ்டிக்கு சண்டை. ஒண்ணு லாம்ப்பிளாக்ஸ், அவங்க முன்னாடி தெருவிளக்கு ஏத்தற சங்கத்துக்காரங்க, கரண்ட் லைட் வந்து வேலை போனதும் ரவுடி ஆயிட்டாங்க (இந்த ஒரு வரிக்கே புக்குக்கு காசு குடுக்கலாம்). இன்னொண்ணு ரெட் சாஷஸ், வாள் பயிற்சிக்கூடம், பின்னாடி போதை வியாபாரம். நாங்க லாம்ப்பிளாக்ஸ் கிட்ட காசு வாங்கிட்டு அந்த பயிற்சிக்கூடத்துக்குள்ளருந்து ஒரு கணக்கு நோட்ட தூக்கணும். கூரை வழியான்னு சொன்னோம். என்கேஜ்மென்ட் ரோல்ல 2 விழுந்துச்சு. சோ டெஸ்பரேட். அண்ணா சிரிச்சுட்டே சொன்னாரு, "ஓடு ஒடஞ்சு தங்கச்சி கால் உள்ள தொங்குது, கீழ ஹால்ல ராத்திரி கிளாஸ் நடக்குது, இருபது பேரு வாளோட மேல பாக்கறாங்க."

டி அண்ட் டியா இருந்தா இந்த எடத்துல "ரோல் இனிஷியேட்டிவ்" (சண்டைல யாரு மொதல்லன்னு உருட்டறது), அப்புறம் ஒன்றரை மணி நேரம். தங்கச்சி ஒரு செகண்டு யோசிச்சா. "ஃபிளாஷ்பேக்"னா. "நேத்து சாயங்காலம் இவங்க யூனிஃபார்ம் தொவைக்கற அக்காவ போயி பாத்தேன். ஒரு செட்டு யூனிஃபார்ம் வாங்கி இப்ப உள்ள போட்டுட்டு இருக்கேன். நான் இவங்க ஸ்டூடன்ட்டு, ஓடு மாத்த வந்தேன்." அண்ணா ஒரு ஸ்ட்ரெஸ் போட்டுக்கோன்னாரு, அந்த அக்கா கிட்ட பேசினதுக்கு ஒரு உருட்டு. 5. நடந்துச்சு, ஆனா வில்லங்கத்தோட. "அக்கா யூனிஃபார்ம் குடுத்தாங்க. ஆனா அவங்க தம்பி கிட்ட வாய தவறி சொல்லிட்டாங்க. அந்த தம்பி இந்த ஹால்ல மூணாவது வரிசைல நிக்கறான், உன்ன பாத்துட்டான், இன்னும் வாய தொறக்கல." ஹால்ல பாய் மேல உக்காந்திருந்த அஞ்சு பேரும் ஒரே நேரத்துல "அய்யோ"ன்னோம். அந்த தம்பி பயலுக்கு அப்ப பேரு கூட இல்ல, இன்னைக்கு அவன் எங்க கோஷ்டில முக்கியமான ஆளு, தங்கச்சிக்கு அவன் மேல பாசம் வேற.

ஸ்ட்ரெஸ்னு சொன்னேன்ல, அது தான் இந்த கேமோட பணம். ஒம்பது கட்டம். கூட ஒரு டைஸ் வேணும்னா ரெண்டு ஸ்ட்ரெஸ், கூட்டாளிக்கு ஒத்தாசை பண்ணா ஒண்ணு, ஜிஎம் தலைல போட்ட வில்லங்கத்த தடுக்கணும்னா உருட்டி, பெரிய நம்பர ஆறுலருந்து கழிச்சு மிச்சத்த ஸ்ட்ரெஸ்ஸா வாங்கிக்கணும். ஒம்பதும் ரொம்பிருச்சுன்னா ஒரு ட்ரௌமா (மனசுல ஆறாத காயம்) நிரந்தரமா ஒட்டிக்கும், நாலு ட்ரௌமா ஆச்சுன்னா அந்த கேரக்டருக்கு ரிட்டையர்மென்ட் தான். ஸ்ட்ரெஸ் கொறையணும்னா வேலை முடிஞ்சு வந்து உங்க கெட்ட பழக்கத்துக்கு போகணும், சூது, குடி, சாமி பக்தி கூட அந்த லிஸ்ட்ல இருக்கு! அதுலயும் அளவு மீறி போனா வம்பு. நான் நாலாவது செஷன்லயே ட்ரௌமா வாங்கிட்டேன், பாரனாய்ட் (எல்லார் மேலயும் சந்தேகம்) எடுத்தேன், அதுக்கப்புறம் என் கேரக்டர் யாரு டீ குடுத்தாலும் மொதல்ல குடுத்தவன குடிக்க சொல்றான். வீட்லயும் ஒரு நாள் அம்மா கிட்ட அப்படியே சொல்லிட்டேன், அது வேற கதை.

கிளாக்குங்கறது இன்னொரு ஐட்டம். ஏதாச்சும் கொஞ்சம் கொஞ்சமா நடக்கணும்னா ஒரு வட்டம் போட்டு நாலு, ஆறு, எட்டுன்னு துண்டு போட்டுக்குவாங்க, சொதப்பறப்ப எல்லாம் துண்டு கறுப்பாயிட்டே வரும். அண்ணா இதுக்கு எங்க வீட்டு தினசரி காலண்டர் கிழிச்ச தாள தான் எடுத்துக்குவாரு, முன்பக்கம் ராகுகாலம் எமகண்டம், பின்பக்கம் "காவக்காரங்க சந்தேகம்" ஆறு துண்டு. அதெல்லாம் ஃப்ரிட்ஜ்ல காந்தம் வெச்சு ஒட்டிருக்கும். வாரம் பூரா தண்ணி எடுக்க போறப்ப எல்லாம் "ரெட் சாஷஸ் பழிவாங்கல்" அஞ்சு துண்டு நெறஞ்சு நம்மள பாத்துட்டே இருக்கும். எங்க அப்பா ஒரு நாள் கேட்டாரு, "யாருடா இந்த ரெட் சாஷஸ், கடன் கிடன் வாங்கிருக்கீங்களா?"

ஊர பத்தி ஒண்ணு சொல்லியே ஆகணும். டாஸ்க்வோல்ல யாராச்சும் செத்தா எரியூட்டற எடத்துல மணி தானா அடிக்கும், அங்கருந்து ஒரு காக்கா கெளம்பி, பொணம் எந்த ஏரியால கெடக்கோ அங்க வந்து வட்டம் போடும். ஆவிய பாக்கற டிபார்ட்மென்ட் ஆளுங்க அத பாத்துட்டு வந்துருவாங்க. அதனால கொலை பண்ணா ஊருக்கே தெரியும், போலீஸ் சூடும் எக்ஸ்ட்ரா ரெண்டு பாயிண்ட் ஏறும். அமாவாசைக்கு காக்காக்கு சோறு வெக்கற ஊர்ல பொறந்துட்டு இத படிக்கறப்ப எப்படி இருக்கும் சொல்லுங்க. மச்சான் ஒரு தடவை அவசரத்துல ஒரு காவக்காரன குத்திட்டான், அண்ணா ஒண்ணுமே சொல்லல, மெதுவா "டங்"னாரு. அவ்ளோ தான், எல்லாரும் ஜன்னல திரும்பி பாத்தோம். மூணு வருஷமா நூத்துக்கணக்குல கோப்ளின வெட்டிருக்கோம், ஒரு சாவுக்கு இப்படி அமைதி ஆனதே இல்ல.

இன்னொண்ணு, இது ரூல்புக்குல இல்லாத விஷயம். டி அண்ட் டி ஆடறப்ப நாங்க பாதி நேரம் இங்கிலீஷ்ல தான் பேசுவோம், "17 ஹிட் ஆகுதா", "ஃபயர்பால் காஸ்ட் பண்றேன், 8டி6"ன்னு, எல்லாம் கணக்கு பாஷை. பிளேட்ஸ்ல கணக்கு கம்மி, பேரம், மெரட்டல், கெஞ்சல், புருடா தான் அதிகம், அது தானா தமிழ்ல வருது. என் கேரக்டர் ஒரு ஸ்லைடு, அதாவது வாய வெச்சு பொழைக்கறவன், உக்கடம் மார்க்கெட்ல பழைய ஃபோன் விக்கறவன் மாதிரி தான் பேசறான். மூணு வருஷத்துல மச்சான் வொய்ஃபு இவ்ளோ பேசி நான் கேட்டதே இல்ல.

சரி, கொறைய சொல்லணும்ல. மொத மூணு செஷன் நரகம். பொசிஷன் (மேல சொன்ன நெலமை), எஃபெக்ட் (கெடைக்கற பலன்)னு ரெண்டு தனித்தனி விஷயம், அது மண்டைல ஏறவே நேரம் ஆச்சு, ஒவ்வொரு உருட்டுக்கு முன்னாடியும் "இது ரிஸ்கியா டெஸ்பரேட்டா"ன்னு பட்டிமன்றம். பன்னெண்டு ஆக்ஷன் இருக்கு, அதுல ஸ்வே (பேசி மயக்கறது), கன்சார்ட் (பழகி காரியம் சாதிக்கறது), கமாண்ட் (அதட்டி பணிய வெக்கறது) மூணுக்கும் எல்லை எங்கன்னு இன்னைக்கும் சண்டை வருது. நீங்க எத உருட்டறதுன்னு நீங்களே முடிவு பண்ணலாம்னு புக் சொல்லுது, அத வெச்சுட்டு எல்லாத்துக்கும் தனக்கு நெறைய புள்ளி இருக்கறதயே எடுக்கற ஆளு எங்க கோஷ்டில ஒருத்தன் இருக்கான் (நான் தான்).

வேலை முடிஞ்சப்புறம் வர்ற டவுன்டைம் இன்னொரு தலைவலி. ரெப் (ஊர்ல பேரு), காயின் (காசு), ஹீட் (போலீஸ் சூடு), கோஷ்டி உறவு, என்டாங்கிள்மென்ட் (பின்னாடியே வர்ற வம்பு)னு வரிசையா ஏத்தி எறக்கணும், மாசக்கடைசில மளிகை பில்லு பாக்கற மாதிரி இருக்கும். திருட்டு சூப்பரா முடிஞ்சு ரத்தம் சூடா இருக்கறப்ப பேனாவ எடுத்து கணக்கு எழுதறது கொஞ்சம் சப்புனு தான் ஆகுது. நாங்க இப்ப அத தனியா புதன்கிழமை வாட்ஸ்ஆப் குரூப்ல முடிச்சுக்கறோம், பரவால்ல.

ஜிஎம்முக்கு முன்தயாரிப்பு கம்மின்னு எல்லாரும் சொல்லுவாங்க, நெசம் தான், ஆனா அன்னைக்கு ராத்திரி மண்டை காயும். ஒவ்வொரு 4, 5க்கும் புதுசா ஒரு வில்லங்கம் யோசிக்கணுமே, ராத்திரி பதினோரு மணிக்கு மேல அண்ணா "இன்னொரு காவக்காரன் வர்றான்"னு ஆரம்பிச்சுருவாரு, அது வந்தா கேம மூடிடணும்னு எங்களுக்கு தெரியும். அதோட அவருக்கு மேப் வரையறது புடிக்கும், டி அண்ட் டிக்கு கட்டம் போட்ட சார்ட்ல கலர் பென்சில்ல வரைஞ்சு எடுத்துட்டு வருவாரு. இங்க அதுக்கு வேலையே இல்ல. கொஞ்ச நாள் டல்லா தான் இருந்தாரு. இப்ப குரோஸ் ஃபுட் ஏரியாவ தெரு தெருவா வரைஞ்சிட்டு இருக்காரு, யாரும் கேக்கல, அவரா வரையறாரு.

யாருக்கு இது ஒத்து வராதுன்னா, மச்சானுக்கு. ஆமா, எங்க கோஷ்டி மச்சானுக்கே. அவனுக்கு சண்டைல கட்டம் எண்ணி நகத்தி, பின்னாடி போயி நின்னு, சரியான நேரத்துல சரியான ஸ்பெல் போடறதுல தான் போதை. பிளேட்ஸ்ல ஒரு மொத்த சண்டையும் ஒரே உருட்டுல முடிஞ்சுரலாம், அவனுக்கு அது பிரியாணி ஒரே வாய்ல முடிஞ்ச மாதிரி. பாவம், வாராவாரம் வந்துட்டு தான் இருக்கான், ஆனா செவ்வாக்கிழமை ஆன்லைன்ல இன்னொரு குரூப்போட பாத்ஃபைண்டர் ஆடறான். அந்த ஊத்தப்பம் அவனுக்கு தான் வந்த ஐட்டம் போல, நாங்க தான் தெரியாம பங்கு கேட்டோம்.

புக் பத்தி. முன்னூறு பக்கத்துக்கு மேல, கறுப்பு வெள்ளை, லேஅவுட் அவ்ளோ சுத்தம், ரூல் எந்தப் பக்கத்துல இருக்குன்னு சட்டுனு எடுக்க வருது. கோஷ்டி பட்டியல் மட்டும் நீளம், மொதல்லயே எல்லாத்தயும் படிக்காதீங்க, அஞ்சு எடுத்துட்டு மிச்சத்த மறந்துருங்க. நான் புக்க வெளிநாட்டு ஆன்லைன் கடை ஒண்ணுல ஆர்டர் போட்டு, ஒன்றரை மாசம் காத்திருந்து, கஸ்டம்ஸுக்குன்னு தனியா காசு கட்டி, கடைசில வந்தது மூலை நசுங்கின புக்கு. கேட்டா "பேக்கிங் எங்க பொறுப்பு இல்ல"ன்னு ரெண்டு வரி மெயில். பிடிஎஃபே போதும்னு சொல்லுவேன். அதுவும் வேணாம், சும்மா ட்ரை பண்ணி பாக்கறேன்னா அடிப்படை ரூல்ஸ கிரியேட்டிவ் காமன்ஸ்ல ஃப்ரீயா விட்டிருக்காங்க, கேரக்டர் ஷீட்டும் ஃப்ரீயா டவுன்லோட் பண்ணலாம், அத வெச்சே ஒரு ராத்திரி ஓட்டிரலாம். ஸ்பேஸ்ல ஆடணும்னா இதே எஞ்சின்ல ஸ்கம் அண்ட் வில்லனினு ஒண்ணு இருக்கு. இதே ஹார்ப்பர் லேசர்ஸ் அண்ட் ஃபீலிங்ஸ்னு ஒரு பக்க கேமும் எழுதிருக்காரு, ஃப்ரீ, அத மத்தியானம் கரண்ட் போன நேரத்துல ஆடி முடிச்சோம்.

நடுவுல மோர்க் போர்க் புக்கும் ஒண்ணு வாங்கினேன், சுவீடன்காரங்க போட்டது, பளிச்னு மஞ்சள் கலர், உள்ள ஒவ்வொரு பக்கமும் மெட்டல் பேண்ட் போஸ்டர் மாதிரி. உலகம் அழியப் போற கதை, தினம் காலைல ஒரு டைஸ் உருட்டணும், சில நாள் அதுல ஒரு கேடு வரும், ஏழாவது கேடு வந்தா எல்லாம் முடிஞ்சுது, புக்க எரிச்சுடுங்கன்னு அதுலயே போட்டிருக்கு. நான் குடுத்த வெலைக்கு எரிக்க மாட்டேன். ஆடினது ரெண்டே தடவை, எடுத்து பொரட்டினது நாப்பது தடவை இருக்கும். மொதல்ல ஃப்ரீயா கெடைக்கற பேர் போன்ஸ் எடிஷன பாத்துட்டு முடிவு பண்ணுங்க.

அப்புறம் ஆளே வராத சனிக்கிழமைக்கு அயர்ன்ஸ்வார்ன். ஷான் டோம்கின் 2018ல விட்டது, முழு புக்கும் பிடிஎஃப்ல ஃப்ரீ, ஜிஎம் இல்லாம தனியாளா ஆடலாம். ஒரு ஆறு பக்க டைஸ் கூட உங்க ஸ்டாட்ட கூட்டிக்கோங்க, எதிர்ல ரெண்டு பத்து பக்க டைஸ். ரெண்டயும் தாண்டினா நல்ல ஜெயம், ஒண்ண மட்டும் தாண்டினா அர ஜெயம், எதயும் தாண்டலன்னா அடி, அந்த ரெண்டும் ஒரே நம்பரா விழுந்துச்சுன்னா கதைல ஏதோ எதிர்பாராத திருப்பம். இதுலயும் உருட்டினா சும்மா நிக்காது, பாத்துக்கோங்க. தீபாவளி லீவுல எல்லாரும் ஊருக்கு போயிட்டப்ப நான் மட்டும் ஒரு நோட்டு போட்டு ஆடினேன், இரும்ப தொட்டு சத்தியம் பண்ணி ஒரு பாட்டியோட காணாம போன பேரன தேடற கதை. மூணு நாள் பைத்தியமா எழுதினேன், நாலாவது நாள் ஆஃபீஸ் தொறந்துச்சு, பேரன் இன்னும் கெடைக்கல. தனியா ஆடறதுல அது ஒரு சங்கடம், வரலன்னு ஃபோன் பண்ணி திட்ட ஆள் கெடையாது.

ஆக எங்க சனிக்கிழமை இப்ப பிளேட்ஸ், ஸ்டார் போடணும்னா அஞ்சுக்கு நாலரை, டவுன்டைம் கணக்குக்காக அரை புடிச்சுட்டேன். மூணு பேருக்கு கம்மியா இருந்தா வேணாம், நாலு பேரு ஒரு ஜிஎம் அளவு சரி. மொத செஷன்ல புடிக்கலன்னு விட்டுடாதீங்க, நாலாவது வரைக்கும் பாருங்க. டி20 எல்லாம் ஒரு பழைய ஹார்லிக்ஸ் பாட்டில்ல போட்டு அலமாரி மேல வெச்சிருக்கோம், அண்ணா அப்பப்ப ஒரு பார்வை பாத்துக்குவாரு.

போன வாரம் அந்த தொவைக்கற அக்காவோட தம்பிய ரெட் சாஷஸ் புடிச்சு வெச்சுட்டாங்க. "தம்பி வாய தொறக்கறான்"னு எட்டு துண்டு கிளாக்கு ஃப்ரிட்ஜ்ல இருக்கு, ஆறு கறுப்பாயிருச்சு. தங்கச்சி திங்கக்கிழமைலருந்து குரூப்ல "இந்த வாரம் ஞாயித்துக்கிழமையும் சேத்து ஆடலாமாங்ணா"ன்னு கேட்டுட்டு இருக்கா.